சான்று வாங்கிய கட்டடமும் அதன் மின் கணக்கும்

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் இன்று நோயாளிகள் வரிசையில் நிற்கும் பன்னோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை, சட்டப்பேரவையும் தலைமைச் செயலகமும் இயங்குவதற்காகக் கட்டப்பட்டது. வடிவமைத்தது ஜெர்மனியின் ஜி.எம்.பி. கட்டடக்கலை நிறுவனம். 2010 மார்ச் 13 அன்று பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். பேரவை மண்டபத்தின் குவிமாடம் அதற்குள் முடியாததால், கலை இயக்குநர் தோட்டா தரணியின் கைவண்ணத்தில் ஒரு தற்காலிகக் குவிமாடம் மேலே ஏறியது. பசுமைக் கட்டடமாகவே திட்டமிடப்பட்ட உலகின் முதல் சட்டமன்றக் கட்டடம் என்ற பெயரும், லீட் தர மதிப்பீட்டில் தங்கச் சான்றும் அதற்குக் கிடைத்தன. 2011 மே மாதம் ஆட்சி மாறியது. பேரவை, முன்பு இயங்கிவந்த கோட்டைக்கே திரும்பியது. ஆகஸ்டில், அந்தக் கட்டடம் மருத்துவமனை ஆகும் என்று அறிவிப்பு வந்தது. 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இந்த மாற்றத்தின் அரசியலைப் பற்றி ஏராளமாகப் பேசியாகிவிட்டது. யாரும் அதிகம் கேட்காத கேள்வி வேறொன்று: அந்தத் தங்கச் சான்று இப்போது எதைக் குறிக்கிறது? எந்தப் பயன்பாட்டை மனத்தில் வைத்துப் புள்ளி போட்டார்களோ, அந்தப் பயன்பாடு சற்றேறக்குறைய ஓராண்டுதான் நீடித்தது. ஒரு பொதுக் கட்டடம் பசுமைத் தரத்துக்கு உட்பட்டிருக்கிறதா என்று மதிப்பிடப் புறப்படும் எவரும் முதலில் இந்தக் கட்டடத்தைச் சுற்றிவந்து யோசிக்கலாம். மதிப்பீட்டு முறையின் பலமும் ஓட்டைகளும் இங்கே ஒரே இடத்தில் தெரிகின்றன.

லீட் அமெரிக்காவில் பிறந்த புள்ளி முறை. இந்தியாவுக்கு அதைக் கொண்டுவந்தது, 2001இல் இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கீழ் உருவான இந்தியப் பசுமைக் கட்டட மன்றம். ஹைதராபாத்திலுள்ள சோராப்ஜி கோத்ரெஜ் பசுமை வணிக மையம் 2003இல் பிளாட்டினம் சான்று வாங்கியபோது, அமெரிக்காவுக்கு வெளியே அந்தத் தகுதி பெற்ற முதல் கட்டடம் அதுதான். முறை எளிமையானது. மனை, நீர், ஆற்றல், கட்டுமானப் பொருள், உள்ளரங்கக் காற்று எனத் தலைப்புகள். ஒவ்வொன்றின் கீழும் சில கட்டாய நிபந்தனைகள், பல விருப்பப் புள்ளிகள். 2009ஆம் ஆண்டுப் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 60 எடுத்தால் தங்கம், 80 எடுத்தால் பிளாட்டினம். ஆற்றல் செயல்திறனுக்கு அதிகபட்சம் 19 புள்ளிகள். சைக்கிள் நிறுத்தவும் உடை மாற்றவும் இடம் விட்டால் அதற்கும் ஒரு புள்ளி. இதைக் கேலி செய்யாதவர் குறைவு. எனக்கு சைக்கிள்மீது வருத்தமில்லை. மின்சாரத்தில் அதிகம் சாதிக்காத கட்டடமும் மற்ற தலைப்புகளில் புள்ளி சேர்த்துத் தங்கம் வாங்கிவிட முடியும் என்பதுதான் உறுத்துகிறது.

ஆற்றல் புள்ளிகளைத் தரும் விதத்தையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கட்டடம் எழுவதற்கு முன்பே கணினியில் இரண்டு கட்டடங்களை ஓட்டிப்பார்ப்பார்கள். ஒன்று கட்டப்போவது. மற்றொன்று, அதே அளவில், விதிமுறையை ஒட்டிய சாதாரணப் பொருள்களால் ஆன கற்பனைக் கட்டடம். இரண்டுக்கும் உள்ள மின்செலவு வித்தியாசத்தின் சதவீதமே சேமிப்பாகக் கணக்கில் ஏறும். எத்தனை பேர் வருவார்கள், எத்தனை மணிக்கு விளக்கு அணையும், ஏ.சி. எந்த வெப்பநிலையில் ஓடும் என்பதெல்லாம் வடிவமைப்பாளரின் அனுமானம். கல்யாணத்துக்கு முன் ஜாதகப் பொருத்தம் பார்ப்பதைப் போன்றதுதான் இது. பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று சொல்லலாம். குடித்தனம் எப்படி நடந்தது என்று பிறகு யாரும் வந்து எழுதிக்கொண்டு போவதில்லை.

ஓமந்தூரார் கட்டடத்தின் அனுமானங்கள் ஓர் அலுவலகத்துக்கானவை. காலை பத்து மணிக்கு நிரம்பி மாலையில் காலியாகும் இடம். சனி, ஞாயிறு விடுமுறை. ஆண்டுக்கு 250 வேலைநாள், நாளுக்கு ஒன்பது மணி நேரம் என்று தாராளமாகப் போட்டாலும் 2,250 மணி நேரம்தான் வருகிறது. மருத்துவமனை ஆண்டின் 8,760 மணி நேரமும் விழித்திருக்கும். கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அறுவை அரங்கில் மணிக்கு இருபது முறையாவது காற்று மாற வேண்டும். அதில் நான்கு முறையாவது வெளியிலிருந்து எடுக்கும் புதுக் காற்றாக இருக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவமனைத் தர வாரியம் சொல்லும் அளவு. சென்னையின் ஈரக்காற்றை உள்ளே இழுத்து, ஈரத்தைப் பிழிந்து, குளிரவைத்து, வடிகட்டி அனுப்புவது குளிரூட்டும் வேலையிலேயே மிகச் செலவான வேலை. கோப்புகள் இருக்கும் அறைக்கு இதெல்லாம் தேவைப்படாது. ஆக, சான்றிதழின் சதவீதங்களை எடுத்து மருத்துவமனையின் மின்கட்டணத்தோடு ஒப்பிட முடியாது. சான்று பொய்யில்லை. அது பேசிய கட்டடம் இப்போது இல்லை, அவ்வளவுதான்.

புள்ளிப் பட்டியல் கண்டுகொள்ளாத இன்னொரு கணக்கும் அந்த மனைக்குள் இருக்கிறது. அங்கே கம்பெனிக் காலத்து அரசினர் மாளிகை நின்றது. கலைவாணர் அரங்கமும் இருந்தது. இரண்டும் இடிக்கப்பட்ட பிறகே புதிய வளாகம் எழுந்தது. 1802இல் முடிந்த விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், மட்டும் தப்பியது. ஒரு கட்டடத்தின் செங்கல்லையும் சுண்ணாம்பையும் இரும்பையும் உருவாக்க எரித்த எரிபொருள் அந்தச் சுவர்களுக்குள் அடங்கியிருக்கிறது; இடித்தால் அதை இன்னொரு முறை செலவழிக்க வேண்டும். பழைய கட்டடத்தைத் தக்கவைத்தால் லீட் முறையில் புள்ளி உண்டு. இடித்தால் கழிவதில்லை. இடிபாடுகளைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாமல் வேறு வேலைக்குத் திருப்பிவிட்டால் அதற்குத் தனியே புள்ளி கிடைக்கும் என்பது இந்த முறையின் விசித்திரங்களில் ஒன்று. இந்தக் கோணத்தில் பார்த்தால் 2011இல் எடுத்த முடிவை முழுக்கக் குறைசொல்லவும் முடியவில்லை. எழுந்துவிட்ட கான்கிரீட்டைப் பூட்டிவைப்பதைவிட நோயாளிகளைப் படுக்கவைத்தது மேல். பேரவைக்கென்று வகுத்த வட்ட அமைப்புகளை வார்டுகளாக மாற்றுவதற்கு மேலும் பணமும் பொருளும் செலவானதைத்தான் யாரும் எந்தப் பச்சைப் பேரேட்டிலும் எழுதவில்லை.

சான்றுக்கும் மீட்டருக்கும் உள்ள இடைவெளி நம் ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்காவில் 2008இல் 121 லீட் கட்டடங்களின் உண்மையான மின், எரிவாயுப் பயன்பாட்டை ஒரு நிறுவனம் தொகுத்தது. சராசரியில் அவை தேசிய அளவைவிடக் கால்பங்கு குறைவாகச் செலவழித்ததாக அந்த அறிக்கை சொன்னது. ஆனால் தனித்தனியாகப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டவை, வடிவமைப்பில் சொன்ன அளவிலிருந்து கூடவோ குறையவோ 25 சதவீதத்துக்கு மேல் விலகியிருந்தன. அடுத்த ஆண்டு கனடா தேசிய ஆய்வு மன்றத்தினர் ஏறத்தாழ அதே தரவுகளை மறுபடி அலசினார்கள். லீட் கட்டடங்கள் சராசரியாக 18 முதல் 39 சதவீதம் வரை சிக்கனமாக இருந்தன. அதே சமயம், 28 முதல் 35 சதவீதக் கட்டடங்கள் தம்மையொத்த சாதாரணக் கட்டடங்களைவிட அதிகம் செலவழித்தன. வெள்ளியா தங்கமா என்பதற்கும் மீட்டர் காட்டியதற்கும் தொடர்பே தெரியவில்லை. ஓபர்லின் கல்லூரி இயற்பியலாளர் ஜான் ஸ்கோஃபீல்டு இன்னும் கறாராகக் கணக்குப் போட்டார். பெரிய கட்டடத்துக்கு அதன் பரப்புக்கேற்ற எடை கொடுத்து, மின்நிலையத்தில் எரிந்த எரிபொருள்வரை பின்னோக்கிப் போனால் சேமிப்பே இல்லை என்பது அவர் வாதம். இந்தச் சர்ச்சை வீண்போகவில்லை. 2009 பதிப்பிலிருந்து, சான்று வாங்குவோர் ஐந்து ஆண்டுகளுக்கு மின், நீர்ப் பயன்பாட்டுத் தரவைப் பகிர ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை வந்தது.

இந்தியாவில் மீட்டரிலிருந்து தொடங்கும் வழி ஒன்று 2009 முதலே இருக்கிறது. ஆற்றல் திறன் செயலகம் அலுவலகங்களுக்குத் தரும் நட்சத்திரக் குறியீடு அது. குளிர்பதனப் பெட்டியில் ஒட்டியிருக்கும் அதே குடும்பத்து நட்சத்திரம்தான். ஓராண்டில் வாங்கிய மின்சாரத்தையும் ஜெனரேட்டரில் உற்பத்தியானதையும் கூட்டி, சதுர மீட்டர் பரப்பால் வகுக்க வேண்டும். வெப்பமும் ஈரமும் மிக்க சென்னை போன்ற ஊரில், பாதிக்கு மேல் ஏ.சி. செய்யப்பட்ட அலுவலகத்துக்கு 200 முதல் 175 யூனிட் வரை ஒரு நட்சத்திரம். 25 யூனிட் குறையக் குறைய ஒன்று கூடும். 100க்குக் கீழே வந்தால் ஐந்து. பாதிக்குக் குறைவாக ஏ.சி. இருந்தால் அளவுகோல் மாறும்: 85இல் தொடங்கி, 45க்குக் கீழ் ஐந்து.

உதாரணத்துக்கு ஒரு கற்பனை அலுவலகம். பரப்பு 10,000 சதுர மீட்டர். மின்வாரியத்திடம் வாங்கியது 13 லட்சம் யூனிட். ஜெனரேட்டருக்கு 12,000 லிட்டர் டீசல். லிட்டருக்கு மூன்றேகால் யூனிட் என்று வைத்தால் ஏறத்தாழ 40,000 யூனிட். மொத்தம் 13.4 லட்சம், வகுத்தால் 134. மூன்று நட்சத்திரம். அடித்தளத்தில் கார் நிறுத்தும் 2,500 சதுர மீட்டரையும் யாராவது பரப்பில் சேர்த்துவிட்டால்? 107, நான்கு நட்சத்திரம். ஒரு விளக்குகூட அணையவில்லை. மதிப்பீட்டாளர் வகுத்தலின் மேல் பகுதியை மட்டும் சரிபார்த்தால் போதாது, கீழ்ப் பகுதியையும் வரைபடத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். அழைப்பு மையங்களுக்கு இதே செயலகம் வேறு வாய்ப்பாடு வைத்திருக்கிறது: இரவு ஷிஃப்ட் இருப்பதால் ஓடிய மணி நேரத்தாலும் வகுக்கிறார்கள். பயன்பாடு மாறிய கட்டடங்களை ஓரளவு நியாயமாக ஒப்பிட உதவும் யோசனை இது.

எண்கள் சரியாக இருந்தாலும் நேரில் போகாமல் தீர்ப்பெழுதக் கூடாது. போகும்போது வரவேற்பறையையும் அங்கே மாட்டியிருக்கும் பித்தளைத் தகட்டையும் கடந்து, கட்டடத்தின் பின்பக்கம் போவது நல்லது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் அங்கேதான் இருக்கும். ஒழுங்காக ஓடும் நிலையத்தில் காற்றூட்டும் தொட்டி இளம்பழுப்பாக நுரைத்துக்கொண்டிருக்கும். மண்வாசனை மாதிரி ஒரு வாடை வரும், அவ்வளவுதான். தண்ணீர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் தொட்டிக்குக் காற்றூட்டும் ப்ளோயரை நிறுத்தி நாளாகிவிட்டது என்று பொருள். ப்ளோயர் மின்சாரம் குடிக்கும். கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி மேலிருந்து உத்தரவு வந்தால் ஆபரேட்டர் கை முதலில் போவது அதன் சுவிட்சுக்குத்தான். மின்சாரத் தலைப்பில் சிக்கனம் காட்டுவதற்கு நீர்த் தலைப்பில் கொடுக்கும் விலை இது; இரண்டு தலைப்புகளையும் தனித்தனியே மதிப்பிடும் படிவத்தில் இந்தப் பரிமாற்றம் தெரியவே தெரியாது. லாக் புத்தகத்தில் எல்லா நாளும் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே அளவு எழுதியிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான். சுத்திகரித்த நீர் உண்மையில் கழிப்பறைத் தொட்டிக்குப் போகிறதா என்பதை அறிய, மீட்டரை வாசித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி வாசித்தால் போதும். எவ்வளவு லாரித் தண்ணீர் வாங்கினார்கள் என்பதற்குக் கணக்குப் பிரிவில் பில் இருக்கும்.

மழைநீர் சேகரிப்பை 2003இலேயே எல்லாக் கட்டடத்துக்கும் கட்டாயமாக்கிய மாநிலம் இது. ஆகவே குழி இருக்கிறதா என்ற கேள்வியே தேவையில்லை, அநேகமாக இருக்கும். மூடியைத் திறந்தால் மணல் மேலேவரை ஏறியிருக்கிறதா, மொட்டைமாடிக் குழாய் குழிக்குள் இறங்குகிறதா, இல்லை இடையில் எங்கோ வெட்டப்பட்டுச் சாலை வடிகாலில் விடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழைக்கு முன் தூர்வாரிய பில்லும் இருக்க வேண்டும்.

உள்ளே வந்தால் கண்ணாடி. வெளிச்சம் வேண்டும் என்று சான்று வாங்கிய கட்டடங்களில் மேற்குப் பக்க மேசைகளுக்குப் பின்னால் செய்தித்தாளையோ தெர்மோகோல் அட்டையையோ ஜன்னலில் ஒட்டிவைத்திருப்பதை அடிக்கடி காணலாம். மாலை மூன்று மணி வெயில் முதுகைச் சுட்டால் மனிதர் வேறென்ன செய்வார்? திரை மூடியாகிவிட்டது, விளக்கு எரிகிறது, வெயில் கண்ணாடி வழியே உள்ளே வந்தாகிவிட்டது. மூன்று பக்கமும் நட்டம். ஆற்றல் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு 2007இல் வந்தபோதே, எளிய வழியில் இணங்க விரும்புவோர் சுவர்ப்பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் கண்ணாடி வைக்கக் கூடாது என்றது. பின்னர் 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கே.வி.ஏ. ஒப்பந்தத் தேவையோ உள்ள வணிகக் கட்டடங்கள்வரை விரிந்த விதி அது. ஓஎம்ஆர் சாலையில் ஒரு நடை போய்வந்தால், கண்ணாடிமேல் நமக்கிருக்கும் மோகம் விதியைவிட வலுவானது என்று புரியும். அரசுக் கட்டடங்களும் அந்த மோகத்துக்கு விலக்கில்லை.

கடைசியாக, கூடுமானால் விடுமுறை நாள் இரவு இரண்டு மணிக்கு மீட்டர் என்ன காட்டுகிறது என்று கேட்டு வாங்க வேண்டும். உயரழுத்த இணைப்புள்ள கட்டடங்களில் அரைமணிக்கொருமுறை சுமையைப் பதிவுசெய்யும் மீட்டர் இருக்கும். தரவைக் கேட்டால் எடுத்துத்தர முடியும். ஆளே இல்லாத அலுவலகம் பகல் சுமையில் மூன்றில் ஒரு பங்கை இரவிலும் இழுக்கிறது என்றால், சில்லர் பம்போ மின்தூக்கி விளக்கோ யாரும் பயன்படுத்தாத சர்வர் அறையோ ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தப் புள்ளிப் பட்டியலும் சொல்லாத இந்தச் செய்தியை ஒரே ஓர் எண் சொல்லிவிடும்.

இதுவரை பேசியது எல்லாம் ஏ.சி. கட்டடங்களைப் பற்றி. தமிழ்நாட்டின் பொதுக் கட்டடங்களில் பெரும்பாலானவை பள்ளிகள், தாலுகா அலுவலகங்கள், ஆரம்ப சுகாதார நிலையங்கள். அவற்றில் மின்விசிறிதான் ஓடுகிறது. சர்வதேசப் புள்ளி முறைகள் இவற்றிடம் தடுமாறுகின்றன. லீட் பின்பற்றிய அமெரிக்க ஆற்றல் விதியின்படி, குளிரூட்டல் இல்லாத அறையையும் குளிரூட்டல் உள்ளதாகப் பாவித்தே கணினியில் ஓட்ட வேண்டும். தனி விலக்குக் கணக்குப் போட்டால்தான் ஜன்னல் காற்றுக்கு மதிப்புக் கிடைக்கும். ஏ.சி.யே போடாததற்கு நேரடியாகப் பரிசில்லை. இந்தக் குறையை இந்தியர்கள் ஓரளவு நிரப்பியிருக்கிறார்கள். அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகத்தினர் நம் ஊர் அலுவலகங்களில் வேலை செய்வோரிடம் எந்த வெப்பநிலையில் சௌகரியமாக இருக்கிறது என்று கேட்டு உருவாக்கிய அளவுகோல், 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. வெளிவெப்பத்துக்குப் பழகிய உடம்பு, விசிறி ஓடும் அறையில் குளிர்நாட்டு அளவுகோல் அனுமதிப்பதைவிட அதிகச் சூட்டைத் தாங்கும் என்பதே அதன் சாரம். டெரி நிறுவனமும் மத்திய அரசும் சேர்ந்து உருவாக்கி 2007இல் தேசிய முறையாக ஏற்ற கிருஹா, ஏ.சி. இல்லாத கட்டடத்தையும் கணக்கில் எடுக்கும்படியே தொடங்கப்பட்டது. அதன் நட்சத்திரம் ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். காலாவதி தேதி என்ற ஒன்றைச் சான்றிதழில் போட்டதற்காகவே எனக்கு கிருஹாமீது மரியாதை உண்டு.

தரத்தை எட்டிய அரசுக் கட்டடம் இல்லாமல் இல்லை. புதுடில்லி ஜோர்பாக்கில் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் இந்திரா பர்யாவரண் பவன் 2014இல் திறக்கப்பட்டது. கூரையிலும் அதற்கு வெளியே நீளும் பந்தலிலுமாக 930 கிலோவாட் சூரியத் தகடுகள். ஆண்டு முழுவதும் செலவழிக்கும் மின்சாரத்தைத் தானே உற்பத்தி செய்வது இலக்கு. தகடுகளை எண்ணிப் புகழ்கிறவர்கள், அவை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காகக் கட்டடத்தின் தேவையை முதலில் எவ்வளவு சுருக்கினார்கள் என்பதைக் கவனிப்பதில்லை. நடுமுற்றம், நிழல், குறைவான விளக்குச் சுமை, குளிர்நீர் ஓடும் உத்தரக் குளிரூட்டல் எல்லாம் முதலில்; தகடு கடைசியில். ஏற்கெனவே ஒழுகும் பானைக்கு மேலே இன்னொரு குழாயைத் திறந்துவிடும் வழக்கத்துக்கு நேர் எதிரான வரிசை.

கோட்டூர்புரத்து அண்ணா நூற்றாண்டு நூலகமும் லீட் தங்கம் வாங்கிய கட்டடம்தான். 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்டது. அதையும் குழந்தைகள் மருத்துவமனையாக்க 2011 நவம்பரில் முடிவெடுத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்ததால் நூலகம் பிழைத்தது. ஆனால் தொடர்ந்த ஆண்டுகளில் பராமரிப்பு நலிந்து, அடிப்படை வசதிகளைச் சரிசெய்யும்படி நீதிமன்றம் மறுபடி சொல்லும் நிலை வந்தது. கட்டடம் அதேதான், சுவர் அதேதான், சான்றும் அதேதான். பராமரிப்பு நிதி இல்லாத காலத்தில் அது என்ன தரத்தில் இயங்கியது என்று கேட்கச் சான்றுக்குள் வழியில்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு ஒரு சாதாரண ஏற்பாடு செய்தார்கள். 2008 அக்டோபர் முதல், மக்கள் வந்துபோகும் 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அரசுக் கட்டடங்களின் வாசலில், சென்ற ஆண்டு உண்மையில் செலவான ஆற்றலை ஏ முதல் ஜி வரையிலான தரமாக ஒட்டிவைக்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் தரமும் பக்கத்திலேயே தெரியும். பின்னர் 250 சதுர மீட்டர்வரை சின்னக் கட்டடங்களுக்கும் விதி இறங்கியது. ஆஸ்திரேலியாவின் நாபெர்ஸ் முறை இன்னும் ஒரு படி மேலே போகிறது. கட்டுகிறவர் இத்தனை நட்சத்திரம் என்று முன்கூட்டியே ஒப்பந்தம் போடலாம். ஆனால் ஆள் குடியேறிப் பன்னிரண்டு மாத மின் அளவு வந்த பிறகே அந்த நட்சத்திரம் உறுதியாகும்.

இங்கே இதைச் செய்வதற்குத் தொழில்நுட்பத் தடை எதுவும் எனக்குத் தெரியவில்லை. தடை நிர்வாகத்தில் இருக்கிறது. அரசுக் கட்டடத்தைக் கட்டுவது பொதுப்பணித் துறை. மின் பராமரிப்பு அதன் மின் பிரிவு. பயன்படுத்துவது வேறொரு துறை. கட்டணம் அந்தத் துறையின் அலுவலகச் செலவுத் தலைப்பில் கழியும். பில்லைக் கட்டும் எழுத்தருக்குக் கட்டடத்தின் பரப்பு தெரியாது. பரப்பு தெரிந்த பொறியாளருக்கு பில் வருவதில்லை. ஆண்டுக்கொருமுறை இந்த இரண்டு தாள்களையும் ஒரே மேசையில் வைத்து வகுத்து, வாசலில் ஒட்டும்படி ஓர் அரசாணை போதும். கண்காட்சிக்குரிய பத்துக் கட்டடங்களில் மட்டும் தொடங்காமல் ஒரு மாவட்ட ஆட்சியர் அலுவலகம், ஓர் அரசு மருத்துவமனை, ஒரு கல்லூரி, விசிறி மட்டும் ஓடும் ஒரு பள்ளி என்று கலந்து தொடங்கினால், எந்தக் கட்டடத்தை எதனோடு ஒப்பிடலாம் என்ற அளவுகோலும் இரண்டு மூன்று ஆண்டுகளில் நம்மிடமே உருவாகிவிடும். ஓமந்தூரார் மருத்துவமனையை அந்த முதல் பட்டியலில் சேர்க்கலாம்.